ஜமீன்தாரின் மௌன விரதம்

கரட்டுப்பட்டி ஜமீன்தார் தை வெள்ளியன்று மௌன விரதம் இருப்பார். "தலையாட்டுவதும் கையைக் காட்டுவதும்கூடப் பேச்சுதான். நான் கல்லாட்டம் இருப்பேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவருக்குப் பல்லக்குத் தூக்கும் கொப்பையனின் மகளுக்கு ஒரு தை வெள்ளிக்கு மறுநாள் கல்யாணம். போய்வர உத்தரவு கேட்டதற்கு, "அப்போ என்னை யார்டா சுமப்பான்?" என்று வியாழனன்றே விரட்டிவிட்டார்.

வெள்ளியன்று ஜமீன்தார் கோயிலில் பல்லக்கை விட்டு இறங்கி உட்கார, ஊரே கூடி அவர் விரதத்தை வியந்தது. கொப்பையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சாமி, மக கல்யாணத்துக்குப் பத்து நாள் போய்ட்டு வரேனுங்க. கூடாதுன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஜமீன்தார் முறைத்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் வாய் திறக்கவில்லை.

"மகராசனா இருக்கணும்! கூடத் தூக்குற மூணு பேரையும் கூட்டிக்கிறேனுங்க."

அவர் முகம் சிவந்தது.

"பொண்ணு ஊர்வலத்துக்குப் பல்லக்கையும் எடுத்துக்கிறேனுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, சாமி."

மீசை மட்டும் துடித்தது. "ஆகா, என்ன மனசு!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

நால்வரும் பல்லக்கோடு கிளம்பினார்கள். ஜமீன்தார் உச்சி வெயிலில் அரண்மனைவரை நடந்தே போனார். எதிர்ப்பட்டவர்களெல்லாம், "ஏன் சாமி, நடந்து வரீங்க?" என்று கேட்டார்கள். அதற்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.