கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வாய் இருந்தது. பிரிண்டர் முணுமுணுக்கும். பென் டிரைவ் கீச்சுக்குரலில் பேசும்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே ஒரு ஸ்டூடியோ இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டருக்குத் தன் வேகத்தின் மேல் ரொம்பப் பெருமை. பென் டிரைவில் எதை எழுதச் சொன்னாலும், சொன்ன வாய் மூடுமுன்னே "ஆச்சு!" என்றுவிடும். சனங்கள் அடேயப்பா என்பார்கள். உள்ளே நடந்தது வேறு. எல்லாவற்றையும் முதலில் தன் மடியில் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அப்புறம் ஆற அமர பென் டிரைவில் இறக்கிவைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை எதற்கு என்று அதற்கு நினைப்பு.

ஒரு கல்யாணக் காலையில் மைக் செட்டுக்காரி முப்பிடாதி அங்கே ஓடிவந்தாள். மணப்பெண் பூங்கோதையின் தாய்மாமன் கப்பலில் வேலை பார்க்கிறவர், நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். தாய்மாமன் வாழ்த்தாமல் அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. அதனால் தன் குரலைப் பதிந்து ஸ்டூடியோவுக்கு அனுப்பியிருந்தார். அதை மண்டபத்தில் போட்டுக் காட்டுவது முப்பிடாதியின் பொறுப்பு.

"சீக்கிரம் ராசா, முகூர்த்தம் முடிய அரை மணிதான் இருக்கு" என்று பென் டிரைவைச் செருகினாள்.

"ஆச்சுக்கா!" என்றது கம்ப்யூட்டர்.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "ஐயோ, இன்னும்..." என்று பென் டிரைவ் கத்தியது. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

மண்டபத்தில் மாமன் குரல் கணீரென்று எழுந்தது. "எம் மருமகளே! மாமன் வரலையேன்னு கண் கலங்காத. எங்க இருந்தாலும் நான்..."

அவ்வளவுதான். ஸ்பீக்கர் கர்ரென்று இழுத்துவிட்டு அடங்கிப்போனது.

"கப்பல் பாதியிலயே தரை தட்டிருச்சு போல!" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. அவர்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

பூங்கோதை தலை நிமிரவில்லை. "மாமா சொல்லி முடிக்காம நான் உக்கார மாட்டேன்."

முப்பிடாதி பென் டிரைவை உருவிக்கொண்டாள். திரும்ப ஸ்டூடியோவுக்கே ஓடினாள்.

"ஆச்சுன்னு சொன்னியே, பாவி!"

"என் மடிக்கு வந்தாச்சுக்கா. அதைத்தான் சொன்னேன்."

"கல்யாண வீட்டுக்கு நான் ஒன் மடியவா தூக்கிட்டுப் போனேன்?"

முப்பிடாதி பென் டிரைவை மறுபடி செருகினால், அது விம்முகிறது: "எழுதுன கை பாதியில நின்னுபோச்சு. எது எங்க கெடக்குன்னு எனக்கே தெரியல."

கம்ப்யூட்டர் அன்றுதான் முதல்முறையாக அவசரப்படவில்லை. பென் டிரைவின் உள்ளெல்லாம் தடவிப் பார்த்தது. கலைந்ததை அடுக்கியது. தன்னிடம் இருந்த மாமன் குரலை முதலிலிருந்து எழுதியது.

"ஆச்சா?"

"இல்லக்கா."

"இப்ப?"

"இல்ல."

தவில்காரர் மண்டபத்து வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தார். முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சா?"

கம்ப்யூட்டர் வாயை இறுக மூடிக்கொண்டது. 'ஆச்சு' என்று சொல்ல அதற்கு நாக்கு கூசியது. திரையின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னச் சீட்டு எட்டிப் பார்த்தது: 'இப்போது எடுக்கலாம்.'

மண்டபத்தில் மாமன் மீதியையும் சொன்னார். "எங்க இருந்தாலும் நான் ஒன் பக்கத்துலதான் நிக்கேன். உக்காரு தாயி."

பூங்கோதை உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியது.

அன்று முதல்தான் கம்ப்யூட்டர்கள் வாய் திறப்பதில்லை. மடி காலியான பிறகு, ஓரமாக அந்தச் சீட்டை மட்டும் நீட்டுகின்றன. பொறுக்காமல் பிடுங்கிய பென் டிரைவை மறுபடி செருகிப் பாருங்கள்: 'உள்ளே ஏதோ கோளாறு, பார்க்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். பாதியில் நின்ற அந்த மாமன் குரலை அது இன்னும் மறக்கவில்லை.