தலையும் வாலும் தெரிய ஒரு படம்

இருட்டியதும் கொல்லைத் துவைகல்லடியில் 'புஸ்ஸ்' என்று சத்தம். கதவு திறந்து கிடந்தது. சாத்தக் கிட்டே போகவே பயம். குழந்தையை இடுப்பில் வைத்தபடி, நகரின் பாம்பு மீட்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, பதற்றத்தில் அந்தச் சத்தத்தைப் பதிந்த ஒரே குரல்பதிவை மறுபடி மறுபடி அனுப்பிவிட்டேன்.

"குக்கராம்மா?" என்று ஒருவர் சிரித்தார்.

அட்மின் தணிகாசலம் எங்கள் எதிர்வீட்டுக்காரர். "புதுசா வந்தா விதியைப் படிக்கணும். தலையும் வாலும் தெரியப் படம் போடுங்க. படமில்லாம ஆள் வராது" என்றார்.

"சரிங்க சார். அது இப்போ உங்க கேட்டுக்குள்ள நுழையுது. படத்தை நீங்களே எடுத்துடுங்க" என்று எழுதினேன்.

"ஐயோ! யாராவது உடனே வாங்க!" என்று அலறினார் அட்மின்.

"படம் எங்க சார்?" என்று கேட்டார் அந்தக் குக்கர்க்காரர்.

பாம்பு பிடிப்பவர் எதிர்வீட்டுக்கு ஓடி வந்தார். அவரை வழிமறித்து என் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். பாம்பு துவைகல்லடியிலேயேதான் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு அவர் சிரித்தபடி போனதும், கதவைத் தாழிட்டேன்.