ஜெல்லி மீனுக்குப் பின்னால் இருந்தவன்

பொன்னம்பலம் முப்பது வருடம் தடயவியல் கூடத்தில் புகைப்படங்களைச் சோதித்தவர். எது அசல், எது ஒட்டுவேலை என்று அவர் சொன்னால் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும். மனைவி இறந்த பிறகு, கடலோர மடம் ஒன்றில் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய துறவியிடம் சீடராகச் சேர்ந்தார்.

ஒருநாள் காலை அமலோற்பவம் என்ற பெண் அவரைத் தேடி வந்தாள். அவள் கணவன் செலஸ்டின் சங்கு குளிக்கப் போய், நீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவனுடைய சின்ன கேமராவில் கடைசியாக ஒரு படம் இருந்தது.

அதில் ஒரு ஜெல்லி மீன்; அந்தக் கரையில் அதைச் சொறி என்பார்கள். வள்ளம் அளவுக்குப் பெரியது. அதன் விளிம்பையொட்டி எறும்பு போல ஒரு மனிதன்.

“அது என் தம்பி ரொசாரி. ரெண்டு பேரும் சேந்துதான் முங்குனாங்க. ‘மச்சான் பக்கத்துலதான் இருந்தேன், இந்தப் பெரிய சொறி குறுக்க வந்துட்டு, தாண்ட முடியல’ன்னு அழுதான். ஊருல ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க. படமே கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்காங்க. நீங்க பாத்துச் சொல்லுங்கய்யா.”

ஒரு பிரதி எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அவள் வந்தாள்.

“படம் அசல்தாம்மா. யாரும் கை வைக்கல.”

அவள் அழுதுகொண்டே கும்பிட்டாள். அவர் அதோடு நிறுத்தவில்லை.

“ஆனா சொறி பெருசு இல்ல. ஒரு முழம் இருக்கும். கேமராவுக்கு ரொம்பக் கிட்ட இருந்ததால அப்படித் தெரியுது. உங்க தம்பிதான் தூரத்துல இருந்திருக்காரு. முப்பது அடி.”

கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. கிளம்பிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மடத்துக்குப் பால் கொண்டுவருபவர் சொன்னார். அமலோற்பவம் தன் வீட்டிலேயே தங்கியிருந்த தம்பியின் துணிமணிகளை வாசலில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொசாரி ஒரு பகல் முழுவதும் அங்கேயே நின்றான். பிறகு எந்த ஊருக்குப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

பொன்னம்பலம் அன்று சாப்பிடவில்லை. குருவிடம் போனார்.

“நான் ஒரு சொல்லும் பொய் சொல்லல சாமி.”

“தெரியும். படம் இருக்கா?”

கொடுத்தார். குரு அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“முப்பது அடி சரிதானே?”

“அரை அடி முன்னப்பின்ன இருக்கலாம்.”

“அப்ப அவன் வந்துக்கிட்டு இருந்தானா, போய்க்கிட்டு இருந்தானா?”

பொன்னம்பலம் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரொசாரி ஒரு கறுப்புக் கீற்றாக இருந்தான். முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அவர் படத்தைக் கீழே வைக்கவே இல்லை.