இரண்டு விடை, ஒரு கேள்வி

ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு வகுப்பு தொடங்கும் கல்லூரி அது. தறியிலும் கடையிலும் பகலைக் கொடுத்தவர்கள் மாலை ஆறு மணிக்கு அங்கே படிக்க வந்தார்கள்.

வேலம்மாள் அங்கே தொழிலாளர் வரலாறு நடத்தினாள். அந்த வரலாற்றில் இரண்டு முறை அவளே சிறை போயிருந்தாள். அவளிடம் படித்த இருதயராஜ் இப்போது அதே கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியர். ஐம்பது வயதிலும் அவளிடம் பாடம் கேட்பதை அவர் விடவில்லை.

நிர்வாகம் சுவரில் ஒரு திரை மாட்டியது. திரையில் கேள்வி வரும். மாணவர்கள் கைப்பேசியில் விடையைத் தொடுவார்கள். உடனே கணக்கு ஏறும்.

"கை தூக்கப் பயப்படுற பிள்ளைங்ககூட இதுல பேசுதுங்க டீச்சர்" என்றார் இருதயராஜ்.

"பேசுதா, தொடுதா?"

அவர் சிரித்து மழுப்பினார்.

மறுவாரம் சிரிக்காமல் வந்தார். முதல்வர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அடுத்த ஆண்டு வகுப்பு எப்போது வேண்டும்? காலை எட்டு மணி, காலை பத்து மணி. இரண்டே விடை.

"சாயங்காலம்?"

"இல்லைங்க டீச்சர். பூட்டி அனுப்பியிருக்காங்க. மாத்த முடியாது. நாளைக்கு நான் நடத்தணும். மாணவர் விருப்பம்னு சொல்லி காலேஜை நடத்துற அறக்கட்டளைக் கூட்டத்துல வைப்பாங்க. நடத்தினா என் வகுப்பு அறுபத்திரண்டு பேர் படிப்பு போச்சு. நடத்தலைன்னா என் வேலை போச்சு. என்ன செய்யட்டும்?"

"நடத்து."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் வேலம்மாள் வந்து உட்கார்ந்தாள். தன் கைப்பேசியை நீட்டினாள்.

"என்னையும் சேத்துவிடு இருதயம். இது என்ன கேக்குது?"

"பேரு கேக்குதுங்க. உள்ள வர்றதுக்கு."

"என்ன பேர் வேணா போடலாமா?"

"போடலாம். போன வாரம் ஒருத்தன் பரோட்டா பாண்டியன்னு வந்தான்."

வகுப்பு சிரித்தது. வேலம்மாள் ஒற்றை விரலால் மெதுவாக எழுதினாள். திரையில் முதல் பெயர் ஏறியது.

சாயங்காலம்.

சிரிப்பு நின்றது. மூன்றாவது பெஞ்சில் இருந்த தறிக்காரப் பெண் பூங்கோதை திரையைப் பார்த்தாள். குனிந்து எழுதினாள்.

எட்டு மணிக்கு தறியில் இருப்பேன்.

பிறகு பெயர்கள் நிற்கவில்லை. ஆறு மணிக்காரன். பத்து மணிக்குக் கடை திறப்பவன். பகலை விற்றவள். சாயங்காலம் என்று இன்னும் பலர். ஒரே பெயர் திரும்பி வந்தபோது கருவி அதற்கு எண் கொடுத்து ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் இருபத்தேழு வரை போனது.

இருதயராஜ் கேள்வியைத் திறந்தார். எட்டா, பத்தா? யாரும் தொடவில்லை.

தன் அறைக் கணினியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த முதல்வர் வேகமாக வந்து வாசலில் நின்றார்.

"இதுல ஒண்ணாவது நிஜப் பேரா?"

"அப்பன் ஆத்தா வெச்ச பேரு உங்க பதிவேட்டுல இருக்குதுங்க சார்" என்றாள் வேலம்மாள். "இது அவங்களா வெச்சுக்கிட்டது."

"உங்ககிட்ட பேசலைம்மா. இருதயராஜ், எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி நடத்துங்க."

இருதயராஜின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. அறுபத்திரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

அவர் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அழிக்க மாட்டேன் சார்."

"வேலை வேண்டாமா?"

"வேணும். இந்த வகுப்புலதான் வேணும்."

 முதல்வர் திரையைக் காட்டினார்.

"எட்டுக்குப் பூஜ்யம். பத்துக்குப் பூஜ்யம். அறக்கட்டளைக்கு இதையா அனுப்புவேன்? யாருமே வகுப்புக்கு வரலைன்னுதான் நினைப்பாங்க."

இருதயராஜ் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

வேலம்மாள் எழுந்திருக்கவில்லை.

"பூஜ்யத்தை முதல் பக்கத்துல வைங்க சார். திரையில ஏறின இந்தப் பேரையெல்லாம் வருகைப் பட்டியலாப் பின்னால கோத்துடுங்க."