சோக் மாட்டின கை

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப்பில் நாகரத்தினம் என்றொரு பெண் இருந்தாள். உறுப்பினர்களின் துப்பாக்கிகளைத் துடைத்து, குழல் முனையில் சோக்கைத் திருகி மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. சுட்டதும் ரவைகள் விரிந்து பறப்பதும் குவிந்து பறப்பதும் அந்தச் சின்ன வளையத்தைப் பொறுத்தது.

கிளப் தலைவர் சிங்காரவேலு ஒரு மில் முதலாளி. ஆண்டுப் போட்டியின் காலைச் சுற்றில் கோப்பை அவருக்குத்தான். மாலைச் சுற்றிலோ, குறிக்காக வானத்தில் வீசிய களிமண் தட்டுகளில் ஒன்றுகூட உடையவில்லை. கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டது. அவர் முகம் சிவக்க நாகரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"இவ வேணும்னே தப்பான சோக்கை மாட்டிட்டா. துரோகி! எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டு வெளிய போ. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

நாகரத்தினம் யோசித்தாள். இல்லையென்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? துரோகி என்ற பேரோடு போனால் வேறெந்த கிளப்பும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. மெல்லக் கைகூப்பினாள்.

"ஒத்துக்கறேனுங்க ஐயா. உங்க குறி தவறினதுக்கு என் கைதான் காரணம். காலையிலயும் இதே கைதானுங்க சோக் மாட்டுச்சு. அந்தக் கோப்பையைக் குடுத்தீங்கன்னா, எடுத்துக்கிட்டு இப்பவே போயிடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நடுவர் எழுந்து, கோப்பையைத் தூக்கிவந்து சிங்காரவேலுவின் முன்னால் வைத்தார்.

"சொல்லுங்க தலைவரே, இது யாருக்கு?"

சிங்காரவேலு கோப்பையின் மேல் கையை வைத்தார்.

"குறி தவறினது என்னாலதான்," என்றார்.

நாகரத்தினம் அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கினாள். எப்போதும்போல் குழலைத் துடைக்க ஆரம்பித்தாள்.