சீஃப் தனியாகப் போன ரவுண்ட்ஸ்

எலும்பு வார்டில் சீஃப் டாக்டர் தணிகாசலம் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் அது சாமி புறப்பாடுதான். பின்னால் பயிற்சி டாக்டர்கள் ஒரு படையே வரும். ஒருவர் கையில் எக்ஸ்ரே, இன்னொருவர் தோளில், வார்டு வாசலில் சீஃப் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு.

அந்தப் படையில் கடைசி ஆள், முதலாண்டுப் பயிற்சி டாக்டர் முத்துப்பேச்சி. பயிற்சி டாக்டர்கள் சங்கத்தில் சேரப்போவதாக அவள் சொன்னதும் சீஃப் கொதித்துப்போனார்.

"திறமை இல்லாதவங்களுக்குத்தாம்மா கூட்டம் வேணும்! கூட்டம் இல்லாட்டி மதிப்பில்லாத டாக்டர் ஒருத்தரை இந்த ஆஸ்பத்திரியில காட்டு, தாராளமாச் சேரு. காட்டலைன்னா சங்கம்ங்கிற பேச்சே என் யூனிட்ல இருக்கக் கூடாது."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"காட்டுறேன் சார்," என்றாள் முத்துப்பேச்சி. "நாளைக்கு நீங்க மட்டும் முதல்ல வார்டுக்குள்ள போங்க. நாங்க வாசல்ல நிக்கிறோம்."

இவ்வளவுதானா என்று மறுநாள் சீஃப் கையை வீசிக்கொண்டு தனியே உள்ளே போனார். நோயாளிகளில் ஒருவரும் அசையவில்லை. மாவுக்கட்டோடு படுத்திருந்த பூக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரைப் பார்க்க வந்தீங்கண்ணே? இது பெரிய டாக்டர் வர்ற நேரம். சட்டுனு வெளியே போயிருங்க. அந்த ஆளு பார்த்தா காட்டுக் கத்தல் கத்துவாரு!"

"ஆமாமா!" என்றது வார்டு.

சீஃப் திரும்பினார். வாசலில் முத்துப்பேச்சி அவருடைய கோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"காட்டிட்டேன் சார். சேர்ந்துக்கவா?"

சீஃப் சரியென்று தலையை ஆட்டிவிட்டு, கோட்டுக்குள் கையை நுழைத்தார்.

புறப்பாடு அன்றும் குறைவில்லாமல் நடந்தது. என்ன, பின்னால் நடந்த படை மொத்தமும் சாயங்காலத்துக்குள் சங்கத்தில் சேர்ந்துவிட்டது.