கரடியும் இரண்டு கணினிகளும்

சிற்றோடைக் காட்டில் சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. ஓடையில் வெள்ளம் வரும்போது கணினியில் எச்சரிக்கை அடித்து, அச்செடுத்து, மரத்துக்கு மரம் ஒட்டுவது அதன் வேலை.

அந்தக் கணினி எழுந்திருக்கவே வெகு நேரம் பிடிக்கும். பாதி வேலையில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விடும். கரடி தினமும் அதைத் திட்டியது. ஆனாலும் எந்தப் பொத்தான் எங்கே என்பது கண்ணை மூடினாலும் அதற்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கரடி படும் பாட்டைப் பார்த்த நாச்சி என்ற கீரி, இன்னொரு கணினியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. இதில் வேறு இயங்குதளம், சட்டென்று திறக்கும், இலவசம்தான் என்றது.

கரடி உட்கார்ந்து பார்த்தது. கீழே இருக்க வேண்டிய பொத்தான் மேலே இருந்தது. அடித்து வைத்த கோப்பைக் காணவில்லை. இரண்டு முறை நாச்சியிடம் கேட்டது. மூன்றாவது முறை கேட்பதற்குள் முயல்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. இது கரடிக் கைக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டது.

ஐப்பசியில் ஒரு பகல், கொக்கு பதறிக்கொண்டு வந்தது. மலையில் பெருமழை, வெள்ளம் கிளம்பிவிட்டது என்றது.

கரடி பழைய கணினியைத் திறந்தது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே என்றது திரை.

"நான் அக்கரைக்குச் சொல்லப் போறேன் அண்ணே. நீங்க மத்ததுல அச்செடுத்துடுங்க. எப்படின்னு காட்டணுமா?" என்று கேட்டது நாச்சி.

"வேணாம், எனக்குத் தெரியும்," என்றது கரடி.

நாச்சி ஓடியது. கரடி பழைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பது விழுக்காடு வந்து, அங்கேயே நின்றது. கரையோர வளைகளில் முயல்கள் தூங்கும் நேரம் அது. கரடி திரையை அப்படியே விட்டது. எழுந்து ஓடி, வளைக்கு வளை கத்தி எழுப்பியது. கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறியபோது தண்ணீர் அதன் இடுப்பைத் தொட்டிருந்தது.

மாலையில், தான் கொண்டுவந்த கணினியில் அப்படி என்னதான் குறை என்று நாச்சி கேட்டது. கம்மிய குரலில் கரடி சிரித்தது.

"ஒரு குறையும் இல்ல நாச்சி. முயலுங்க முன்னால தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு, பாரேன்!"

சொல்லிவிட்டு, கைப்பழக்கத்தில் பழைய கணினியையே திறந்தது.

பழகியதை நாம் விடாமலிருப்பது அது சிறந்தது என்பதால் அல்ல. புதியதன் முன்னால் தெரியாதவராக நிற்கக் கூசுவதால்தான்.